கம்பூட்ஸ் வாங்கப் போறீங்களா? ரப்பரா, பிவிசியா? உயரம் எவ்வளவு வேணும்? பாம்புக்கடியைத் தடுக்குமா? - முழு விவரம்

மும்முனை மின்சாரம் எப்போது வருமோ அப்போதுதான் மோட்டார் ஓடும். அது பல ஊர்களில் ராத்திரி நேரம். தூக்கத்தில் இருந்து எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டி, கையில் டார்ச்சோடு வரப்பில் நடக்கிற விவசாயியின் காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்புதான் இருக்கும். சேறு வந்தால் அதையும் கழற்றி வரப்பிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிடுவார்.

பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகின்றன. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர். இதில் பெரும் பகுதி கிராமப்புற உழைப்பாளிகள். 2030-க்குள் இந்த உயிரிழப்பைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது. அதாவது, மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை பற்றி நிறைய பேசுகிறோம். கடி விழாமல் தடுக்கும் எளிய பொருளான கம்பூட்ஸ் பற்றிப் பேசுவது குறைவு. வாங்கியவர்கள்கூட, "ரெண்டு மாசத்துல கிழிஞ்சிடுச்சு", "சேத்துல மாட்டிக்குது", "வேர்த்துக் கொட்டுது" என்று சொல்லி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் பிரச்சனை பூட்ஸில் இல்லை. வேலைக்குப் பொருந்தாத பூட்ஸை வாங்கியதுதான் பிரச்சனை. எதைப் பார்த்து வாங்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆன்லைனில் வரும் 'ஹண்டிங் பூட்ஸ்' நமக்கு சரியா?

போனில் 'வாட்டர்ப்ரூஃப் ரப்பர் பூட்ஸ்' என்று தேடினால், பல ஆயிரம் ரூபாய் விலையில் 'ஹண்டிங் பூட்ஸ்' என்று வரிசையாக வரும். வேட்டை பூட்ஸ். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்களுக்காக இந்த பூட்ஸ் தயாராகிறது.

அவர்கள் குளிர்காலத்தில் சதுப்பு நிலத்தில், வாத்துக்காகவோ மானுக்காகவோ மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பார்கள். கால் விறைத்துப் போகக் கூடாது. அதனால் ரப்பருக்கு உள்ளே நியோப்ரீன் என்ற பஞ்சு போன்ற கனமான லைனிங் வைத்திருப்பார்கள். மனித வாடை தரையில் படியாது என்பதற்காகவும் அவர்கள் தோல் பூட்ஸை விட ரப்பரை விரும்புகிறார்கள்.

தஞ்சாவூர் வெயிலில் அந்த லைனிங்கோடு அரை மணி நேரம் நடந்தால் போதும், கால் வெந்துவிடும். குளிருக்குக் கொடுக்கும் காசு நமக்கு வீண். ஆனால் அந்த பூட்ஸில் இருந்து கற்றுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கணுக்கால் பகுதி இறுக்கமாக இருக்கும். சேறு இழுத்தாலும் பூட்ஸ் கழன்று வராது. இரண்டு, அடிப்பாகத்தில் பள்ளங்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். சேறு அப்பிக்கொள்ளாமல் உதிர்ந்துவிடும். கடையில் எந்த விலையில் வாங்கினாலும் இந்த இரண்டையும் தேடலாம்.

ரப்பரா, பிவிசியா? எப்படி கண்டுபிடிப்பது?

கடையில் கேட்டால், "எல்லாம் ரப்பர்தாண்ணே" என்பார்கள். உண்மையில் நம்மூர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை பிவிசி. அதாவது பிளாஸ்டிக் வகை.

ரப்பர் பூட்ஸ், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் மரத்தில் இருந்து வடிக்கும் அதே பாலில் இருந்து வருவது. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் உடையும். கந்தகம் சேர்த்து சூடாக்கினால் அது உறுதியாகும் என்று கண்டுபிடித்த சார்லஸ் குட்இயர் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதே முறையில் 1853-ல் பிரான்சில் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் காலணி ஆலை தொடங்கினார். அவர் முதலில் குறிவைத்த வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? மரக்கட்டைச் செருப்போடு சேற்றில் உழைத்த விவசாயிகள்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி: பூட்ஸின் மேல் பகுதியை மடித்து அழுத்தி விடுங்கள். ரப்பர் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும், கையில் இழுவை தெரியும், கொஞ்சம் கனமாக இருக்கும். பிவிசி வழவழப்பாகப் பளபளக்கும், மெதுவாகத் திரும்பும், பக்கவாட்டில் அச்சில் வார்த்த கோடு தெரியும்.

எது நல்லது? வேலையைப் பொறுத்தது.

* தினமும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள், கரடுமுரடான நிலம்: ரப்பர். வளைந்து கொடுக்கும், மடிப்பில் சீக்கிரம் வெடிக்காது. விலை அதிகம்.
* மாட்டுக்கொட்டகை, மீன் மார்க்கெட், எப்போதாவது வயல்: பிவிசி போதும். ஒரே துண்டாக வார்ப்பதால் தையல் வழியாகத் தண்ணீர் கசியாது, கழுவுவதும் சுலபம்.
* டீசல், இன்ஜின் ஆயில் படும் வேலை: சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இதற்கு நைட்ரைல் கலந்த பூட்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

புது ரப்பர் பூட்ஸில் வெள்ளையாகப் பூத்தது போல் மாவு படிந்திருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். உள்ளே சேர்த்த பொருட்கள் மேலே வந்து படிவதுதான் அது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

உயரம் எவ்வளவு?

கணுக்கால் உயர பூட்ஸ் விலை குறைவு, போடவும் சுலபம். ஆனால் புல் வெட்டுவது, கரும்பு வெட்டுவது, ராத்திரி தண்ணி பாய்ச்சுவது போன்ற வேலைகளுக்கு முழங்காலுக்குச் சற்று கீழே வரும் உயரம்தான் சரி. வரப்பு வளையில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நிரம்பினால், பாம்புக்கும் மனிதனுக்கும் நடக்க மிச்சம் இருப்பது அதே வரப்புதான்.

குட்டையாக இருப்பவர்களுக்கு நீளமான பூட்ஸ் முழங்கால் மடிப்பில் இடிக்கும். கடையிலேயே போட்டு ஒருமுறை குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். உட்காரும்போது பின்பக்கம் குத்தினால் அந்த பூட்ஸ் வேண்டாம். குனிந்து நிமிர்கிற வேலையில் அது தோலை உரித்துவிடும்.

பாம்புக்கடியை நிஜமாகவே தடுக்குமா?

'பாம்பு கடித்தாலும் ஏறாது' என்று எந்த சாதாரண கம்பூட்ஸுக்கும் உத்தரவாதம் கிடையாது. கண்ணாடி விரியனின் பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கை அது துளைக்கலாம்.

ஆனாலும் பூட்ஸ் பெரிய அளவில் ஆபத்தைக் குறைக்கும். காரணம், பல் முதலில் கனமான சுவரைத் தாண்ட வேண்டும். பிறகு பூட்ஸுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தோல். வெறுங்காலில் இந்த இரண்டு தடையும் இல்லை. அதனால் கெண்டைக்கால் பகுதியில் பூட்ஸ் கொஞ்சம் தளர்வாகவும், கணுக்காலில் பிடிப்பாகவும் இருப்பது நல்லது. மியான்மரில் கண்ணாடி விரியன் கடி அதிகம் உள்ள நெல் பகுதிகளில் விவசாயிகளுக்குப் பாதுகாப்பு பூட்ஸ் கொடுத்து சோதித்துப் பார்த்ததும் இந்தக் காரணத்தால்தான்.

பூட்ஸால் தடுக்க முடியாதவையும் உண்டு. வைக்கோல் போரில், விறகுக் குவியலில் கை விடும்போது கடி கையில் விழும். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பது ராத்திரியில். அதற்குக் கட்டிலும், நன்றாகச் செருகிய கொசுவலையும்தான் பாதுகாப்பு. நடக்கும்போது பூட்ஸோடு டார்ச்சும் கையில் ஒரு கம்பும் இருக்கணும். பாம்பு தரை அதிர்வை உணரும் என்பதால், அழுத்தமாக அடியெடுத்து வைத்தால் பெரும்பாலும் அதுவே விலகிவிடும்.

பாம்பு மட்டும்தான் பயமா?

இல்லை. மழைக்கால வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்ன வெடிப்போ, சிராய்ப்போ இருந்தால் அதன் வழியாகக் கிருமி உள்ளே போய் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கி சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கும். நாள் கணக்கில் ஈரத்தில் நிற்பவர்களுக்கு விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் இன்னொரு தொல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால், முள் குத்தியது தெரியாமலே புண் பெரிதாகிவிடும். இவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்கவே கூடாது.

அடிப்பாகத்தில் என்ன பார்க்கணும்?

சீமைக்கருவேல முள் சாதாரண பூட்ஸ் அடியைத் துளைத்துவிடும். வெட்டிய கரும்புக் கட்டையும் அப்படித்தான். இந்த நிலத்தில் வேலை என்றால், அடியில் ஸ்டீல் தகடு வைத்த பூட்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் பகுதியில் ஸ்டீல் தொப்பி வைத்தது கட்டட வேலைக்கு உதவும். வயலுக்கு அது வெறும் கனம்.

நகத்தால் அடிப்பாகத்தைக் கீறிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் ஈரக் களிமண்ணில் வழுக்கும். அடிப்பாகமும் மேல் பகுதியும் சேரும் இடத்தில் பிசிறு, இடைவெளி, பசை கசிவு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். முதலில் தண்ணீர் நுழைவது அங்கேதான். கணுக்காலில் பத்து முறை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால், நாளை வெடிக்கப் போவதும் அங்கேதான்.

பூட்ஸில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்க வேண்டும். ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பிவிசி பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்பது தர எண். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், அந்த முத்திரை உண்மைதானா என்று போனிலேயே தெரிந்துவிடும்.

சைஸ்: பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு

"பெருசா இருந்தா போடவும் கழட்டவும் ஈஸி" என்று ஒரு சைஸ் கூடுதலாக வாங்குவார்கள். சேற்றில் முதலில் மாட்டிக்கொள்வது அந்த பூட்ஸ்தான். கால் மேலே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும்.

* சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும்.
* வேலைக்குப் போடப் போகும் அதே காட்டன் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.
* காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையும் இடம் போதும்.
* நடக்கும்போது குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கினால் ஒரு சைஸ் சிறியதைக் கேளுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் சிரமம். வயல் வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் ஊர்களில்கூட, கடையில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள் சைஸ்தான். 4, 5 சைஸ் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வரவழைப்பது நல்லது. மகளிர் குழுவாகச் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால் கடைக்காரரும் எடுத்துவர யோசிக்க மாட்டார்.

நாற்று நடும்போது போடலாமா?

முழங்கால் வரை புதையும் நடவு வயலில் கம்பூட்ஸ் உதவாது. காலை எடுக்கவே முடியாது, பூட்ஸுக்குள் சேறு நிரம்பும். நடவுக்கு வெறுங்காலை விட்டால் வேறு வழியில்லை என்றால், போகும் வழியும் வரும் வழியும்தான் முக்கியம். வீட்டில் இருந்து வரப்பு வரை பூட்ஸ், வயலுக்குள் வெறுங்கால், ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பூட்ஸ். தண்ணி பாய்ச்ச, உரம் போட, அறுவடைக்கு, வைக்கோல் கட்ட, மாட்டுக்குப் புல் அறுக்க என்று மற்ற வேலைகளுக்கெல்லாம் பூட்ஸ் சரியாகவே இருக்கும்.

பேன்ட் உள்ளேயா, வெளியேயா?

சேற்றிலும் புல்லிலும் நடக்கும்போது பேன்ட்டை பூட்ஸுக்குள் விடலாம். பூச்சிமருந்து அடிக்கும்போது மட்டும் பேன்ட் வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து துணியில் வழிந்து நேராக பூட்ஸுக்குள் இறங்கி, வேலை முடியும் வரை தோலோடு ஊறிக்கொண்டிருக்கும். மருந்து அடிக்க, உள்ளே துணி லைனிங் இல்லாத பூட்ஸே நல்லது. துணி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

கரன்ட் ஷாக் அடிக்காதா?

"ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தா கரன்ட் அடிக்காது" என்பதை நம்பி மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடுவது ஆபத்து. மின்சார வேலைக்கான பூட்ஸ் தனி வகை. எத்தனை வோல்ட் தாங்கும் என்று சோதித்து முத்திரை இட்டிருப்பார்கள். சாதாரண கம்பூட்ஸில் சின்ன ஓட்டையோ, உள்ளே ஈரமோ இருந்தால் பாதுகாப்பு இல்லை. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது என்ற விதி பூட்ஸ் போட்டாலும் மாறாது.

நீண்ட நாள் உழைக்க என்ன செய்யணும்?

* வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் ரப்பர் கெட்டுவிடும்.
* வெயிலில் காய வைக்க வேண்டாம். ரப்பரும் பிவிசியும் வெடிப்பதற்கு முதல் காரணம் வெயில்தான். நிழலில், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள்.
* மடித்து மூட்டையில் போடாதீர்கள். மடிப்பு விழுந்த இடம் சீக்கிரம் வெடிக்கும்.
* கசிவு இருக்கிறதா என்று தெரியணுமா? உள்ளே காய்ந்த பேப்பரை வைத்து, வாளித் தண்ணீரில் பூட்ஸை நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள். பேப்பர் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை.
* ரப்பர் பூட்ஸ் என்றால் சைக்கிள் பஞ்சர் கடையில் ஒட்டிவிடலாம். பிவிசியில் அந்த ரப்பர் சொல்யூஷன் பிடிக்காது. பிவிசிக்கான பசை தனி.
* அடிப்பாகத்தின் பள்ளங்கள் தேய்ந்து சமமாகிவிட்டால், மேலே புதுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எத்தனை கவனமாக இருந்தும் கடி விழுந்தால்?

கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடி விழுந்த காலில் இருக்கும் பூட்ஸ், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே மெதுவாகக் கழற்றிவிடுங்கள். காலை அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் கட்டையோடு சேர்த்து வையுங்கள். நடக்க விடாமல் 108-ஐ அழையுங்கள். பாம்பைப் பிடிக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

கடைசியாக ஒரு விஷயம்

வெளியே நிறுத்தி வைத்த பூட்ஸ், தேளுக்கும் தவளைக்கும் பாம்புக் குட்டிக்கும் இருட்டான நல்ல வீடு. இரண்டு குச்சியை நட்டு பூட்ஸைத் தலைகீழாக மாட்டி வையுங்கள். அப்படியும், கால் விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டுங்கள். ராத்திரி மோட்டார் போட அவசரமாகக் கிளம்பினாலும் சரி, இந்த இரண்டு நொடியை விட்டுவிடக் கூடாது.